மார்கழிப் பனியில் தொட்டி ரோஜா: மாடியா, கூடமா, பிளாஸ்டிக்கா, சன்ஷேடா?

ஓசூர் பக்கத்துத் தேன்கனிக்கோட்டையில் எங்கள் வீட்டில் 11 ரோஜாத் தொட்டிகள் இருக்கின்றன. கார்த்திகை பிறந்தால் தெருவில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இந்தக் குளிர்ல செடி செத்துடுமா?" சாகாது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் இந்தப் பக்கம் 12, 13 டிகிரி வரை இறங்கும். ரோஜாவுக்கு அதெல்லாம் ஒரு குளிரே இல்லை. செடியைக் கெடுப்பது ஈரம். இலைமேல் விடிய விடிய நிற்கிற பனியும், நாள்கணக்கில் காயாத தொட்டி மண்ணும்தான் எதிரி. எங்கே வைத்தால் இந்த இரண்டும் சீக்கிரம் காயும்? நான்கு இடங்களிலும் ஒவ்வொரு வருடமாக வைத்துப் பார்த்துவிட்டேன்.

திறந்த மாடியில் வெயிலுக்கும் காற்றுக்கும் குறையில்லை. பகலில் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் மார்கழியில் மாலை ஏழு மணிக்கு நனைகிற இலை மறுநாள் ஒன்பதரைக்குத்தான் காய்கிறது. கரும்புள்ளிப் பூசணம் இலைக்குள் நுழைய ஏழு மணி நேர ஈரமே போதும். முதலில் அடியிலைகளில் ஓரம் சிதறிய கருவட்டம் வரும், சுற்றிலும் மஞ்சள் படரும், பிறகு உதிரும். என் பன்னீர் ரோஜா இதைத் தாங்கிக்கொண்டது. ஒட்டுக்கட்டிய சிவப்பும் மஞ்சளும் பொங்கலுக்குள் பாதி மொட்டையாகிவிட்டன.

கூடத்துக்குள் கொண்டுபோய் வைப்பதுதான் பலரும் செய்வது. பாசத்தில் செய்கிறார்கள், தெரிகிறது. தயவுசெய்து வேண்டாம். ரோஜாவுக்கு நாளுக்கு ஆறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும். ஜன்னலோர வெளிச்சம் அதற்கு ஈடாகாது. நான் வைத்த செடி பத்தே நாளில் வெளிறி இலை கொட்டியது. மிச்ச இலைகளின் அடியில், சாறு உறிஞ்சுகிற செஞ்சிலந்திப் பேனின் வலை.

அடுத்தது பிளாஸ்டிக் மூடி. "பாகலூர், பேரிகைப் பக்கம் பாலிஹவுஸ்ல பிளாஸ்டிக்தானே போடறாங்க?" என்று, அங்கே ரோஜா வளர்க்கிற பிளாஸ்டிக் கூரைக் கூடாரங்களைக் காட்டிக் கேட்பார்கள். நல்ல கேள்வி. அங்கே கூரை ஆளுயரத்தைவிடப் பல மடங்கு உயரம். வெயில் ஏறியதும் பக்கத் திரையைச் சுருட்டிவிட்டுக் காற்றோட்டம் கொடுப்பார்கள். தண்ணீர் சொட்டுநீரில் வேருக்கு மட்டும் போகும், இலை நனையாது. நாம் கவரை மாட்டிக் கழுத்தில் கயிறு கட்டினால் செடி விட்ட ஆவி உள்ளேயே முத்து முத்தாக நிற்கும். சாம்பல் நோய்க்கு இலையில் தண்ணீர் நிற்கக்கூட வேண்டாம், அசையாத ஈரக் காற்றே போதும். ஒரே வாரத்தில் கொழுந்தும் மொட்டுக் காம்பும் மாவு தூவினாற்போல் வெளுத்தன. நனையும் கந்தகத் தூளை (வெட்டபிள் சல்ஃபர்) லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து காலையில் தெளித்துத்தான் மீட்டேன்.

இப்போது நான் நம்புவது கிழக்குச் சுவரோரச் சன்ஷேடைத்தான். திறந்த வானத்தைப் பார்த்து நிற்கிற இலைதான் இரவில் அதிகம் குளிர்ந்து பனியைப் பிடிக்கும். தலைக்கு மேல் ஒரு தடுப்பு இருந்தால் அந்த அளவுக்குக் குளிராது. மூட்டம் கலைந்ததும் முதல் வெயில் நேரே இலையில் விழும், எட்டரைக்கெல்லாம் காய்ந்துவிடும். தொட்டிக்கும் சுவருக்கும் ஒரு அடி இடைவெளி மட்டும் விடுங்கள். குறையும் இருக்கிறது: மதியத்துக்குமேல் வெயில் இல்லாததால் பூ கொஞ்சம் குறையும். எங்கள் சன்ஷேடின் கீழ் நான்கு தொட்டிக்குமேல் கொள்ளாது. அதனால் ஒட்டுச் செடிகளுக்கு மட்டும் அந்த இடம். பன்னீர் ரோஜா மாடியிலேயே நிற்கிறது.

எங்கே வைத்தாலும் மாலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் காலை பத்து மணிக்கு, அடியில் ஊற்றுங்கள். உதிர்ந்த இலையைத் தொட்டியிலேயே விட்டால் அதிலிருந்து தெறித்து நோய் மறுபடி ஏறும். மண்ணின் மேல் பரப்புகிற மூடாக்குக்கு ராகித் தாள் (காய்ந்த தட்டை) நல்லது, ஒட்டுப்போட்ட கணுவை மட்டும் தொடவிடாதீர்கள்.

போன வருடம் டொரொன்டோவிலிருந்து அக்கா மகள் பேசினாள். "சித்தி, தொட்டியை இருட்டு கராஜுல வைக்கச் சொல்றாங்க. வெளிச்சமே இல்லையே?"

இங்கே கூடாது என்று நான் சொல்வது அங்கே சரி. நிலத்தில் நட்ட செடியின் வேரைச் சுற்றியுள்ள மண்ணே காக்கும். தொட்டிக்கு எல்லாப் பக்கமும் குளிர் ஏறி வேர் உறைந்துவிடும். நம் செடி வருடம் முழுக்க விழித்திருப்பது, அவளுடையது இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குவது.

"இலையே இல்லாத செடிக்கு வெளிச்சம் எதுக்கும்மா? ஹீட்டர் இல்லாத கராஜ்தானே, தைரியமா வை. மண்ணு முழுக்கக் காஞ்சிடாம மாசத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் தண்ணி விடு. ஏப்ரல்ல கணு வீங்கும், அப்ப வெளிய எடு."