கதவுத் தொங்கல்களில் புடைப்பு வேலை: எந்தப் பூச்சு நிற்கிறது, எது உதிர்கிறது

செய்து முடித்த அன்று எந்தப் பூச்சும் அழகாகத்தான் இருக்கும். கதவில் மாட்டி ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போன பிறகுதான் சாயம் வெளுக்கும். கதவில் அலங்காரமாக மாட்டும், வண்ணம் தீட்டிய மரத் தொங்கலில் பூ, இலை, எழுத்து, செங்கல் வடிவம் என்று புடைப்பாக எழுப்பப் பயன்படும் பொருள்கள் நாள்பட எப்படி நடந்துகொள்கின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதலிடம் அக்ரிலிக் மாடலிங் பேஸ்ட்டுக்கு. அக்ரிலிக் பிசினில் சலவைக்கல் அல்லது சுண்ணாம்புக்கல் தூள் கலந்த பொருள் இது. தூள் இருப்பதால் கெட்டியாகக் காய்கிறது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். பிசின் இருப்பதால் பலகை லேசாக விரிந்து சுருங்கும்போது கூடவே நெகிழ்ந்து கொடுக்கிறது. முழுதாகக் காய்ந்தபின் தண்ணீரில் கரையாது. வெளிக்கதவுக்கு வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

சுவருக்குப் பூசும் பட்டியைத்தான் பலர் முதலில் கையில் எடுப்பார்கள். மலிவு, தாராளமாகக் கிடைக்கும், கத்தியில் வழவழவென்று ஓடும். அறைக்கதவுக்கு அது போதும். வாசல் கதவில் சாரல் பட்டால் பல பட்டிகள் ஊறி மென்மையாகிவிடும், ஓரங்கள் விரல் பட்டாலே பொடியும். வெள்ளை சிமென்ட் பட்டி மரப்பலகைக்கு ஆகவே ஆகாது. மரம் அசையும், சிமென்ட் அசையாது. சில்லுச் சில்லாகக் கழன்று விழும். லைட்வெயிட் பட்டி எடை குறைவு, சுருக்கமும் குறைவு. ஆனால் நகம் பட்டாலே பள்ளம் விழும்.

டியூபிலிருந்து பிதுக்கினால் புடைத்த கோடாக நிற்கும் வண்ணமான முப்பரிமாண லைனர் மெல்லிய கோடுகளுக்கும் புள்ளிகளுக்கும் மட்டும் சரி. பரப்பை நிரப்ப அதைப் பயன்படுத்தினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் தங்கும், பல நாள் பிசுபிசுக்கும். ஹாட் குளூ, அதாவது சூட்டில் உருக்கிப் பிழியும் பசை, வைத்துக் கோடு இழுப்பது வேகமான வழிதான், ஆனால் வெளிக்கதவில் வேண்டாம். அடர் நிறக் கதவில் நேர் வெயில் பட்டால் குளூ இளகும். அதன் வழுக்கலான பரப்பில் அக்ரிலிக் வண்ணம் ஒட்டுவதும் அரைகுறைதான். தோலாக உரிந்து வரும்.

இனி, புடைப்பு உதிர்ந்தால் பழி பெரும்பாலும் பேஸ்ட்டின்மேல் விழுகிறது, ஆனால் குற்றவாளி அடித்தளமான பலகைதான். மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப் பலகையின் வெட்டு ஓரங்கள் தண்ணீரை உறிஞ்சி வீங்கும், வீங்கினால் மேலே இருக்கும் எதுவும் தாங்காது. வெளியே மாட்டுவதற்கு 6 மி.மீ. நீர்தாங்கும் ப்ளைவுட் நல்லது. எந்தப் பலகையானாலும் 120 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைத்து, முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாவற்றுக்கும் பிரைமர் அடிக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் பூசினால் பின்பக்கம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பலகை வில்லாக வளையும், புடைப்பில் குறுக்கு விரிசல் விழும். ஏற்கெனவே பளபளப்பு வண்ணம் அடித்த பலகையென்றால் 220 எண் தாளால் பளபளப்பை முழுதாக எடுத்த பிறகே பேஸ்ட் வைக்க வேண்டும்.

ஸ்டென்சில் (வடிவம் வெட்டிய ஷீட்) வேலைக்கு ஷீட்டின் எல்லாப் பக்கமும் டேப் ஒட்டி, பேலட் கத்தியைச் சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில் இழுக்கவும். பேஸ்ட் கத்தியிலிருந்து வழியாத பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீர் கலந்து இளக்கினால் ஷீட்டுக்கு அடியில் கசியும், காயும்போது சுருங்கவும் செய்யும். ஈரமாக இருக்கும்போதே ஷீட்டை ஒரு பக்கத்திலிருந்து தூக்கி எடுத்து உடனே கழுவிவிட வேண்டும். காய விட்டு எடுத்தால் வடிவத்தின் ஓரமும் சேர்ந்து பிய்ந்து வரும். ஷீட் இல்லாமல் கைவாக்கில் இதழ் எழுப்ப, கத்தி நுனியில் கொஞ்சம் எடுத்து அழுத்தி உள்நோக்கி இழுத்தால் போதும். கூரான முனைகள் நிற்கும். காய்ந்ததும் அவற்றை லேசாகத் தேய்த்து மழுக்கிவிடுங்கள், முதலில் ஒடிவது அவைதான்.

விரிசலுக்கு முக்கியக் காரணம் தடிமனும் அவசரமும். ஒரு தடவைக்கு 3 மி.மீ.க்கு மேல் வைக்காமல், ஒவ்வொரு அடுக்குக்கும் 24 மணி நேரம் விடவும். ஈரக்காற்று நாளில் இன்னும் கூட. வெயிலில் வைப்பதும் ஹீட் கன் என்ற சூடான காற்று ஊதும் கருவியைக் காட்டுவதும் மேல்தோலை மட்டும் இறுக்கும், உள்ளே பின்னால் சுருங்கும்போது மேலே வெடிக்கும். மெல்லிய விரிசலில் அதே பேஸ்ட்டை விரலால் தேய்த்து அடைத்தால் மறையும். மொத்த உயரம் 6 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் கதவை அறைந்து சாத்தும் அதிர்ச்சியே ஓரங்களைத் தட்டிவிடும்.

பேஸ்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அக்ரிலிக் வண்ணம் கலந்துவிடலாம். பின்னாளில் எங்காவது சில்லு பெயர்ந்தாலும் வெள்ளை பல்லிளிக்காது. அதிகம் கலந்தால் விறைப்பு போய் வடிவம் தளர்ந்துவிடும். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். தூள் மிக நுண்ணியது.

அடிவண்ணம் காய்ந்ததும், அடர் நிறத்தை மூன்று பங்கு தண்ணீரில் கரைத்துப் பள்ளங்களில் விட்டு மேட்டைத் துடைத்தெடுக்கவும். பிறகு கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையில் வெளிர் நிறம் எடுத்து மேடுகளை மட்டும் வருடவும். இந்த இரண்டும் இல்லாவிட்டால் எவ்வளவு புடைத்திருந்தாலும் தூரத்திலிருந்து தட்டையாகத்தான் தெரியும்.

வார்னிஷ் வெளிப்பயன்பாட்டுக்கான, நீர் அடிப்படையிலான வகையாக இருக்கட்டும். எண்ணெய் வகை வெள்ளையை மஞ்சளாக்கும். மெல்லிதாக மூன்று பூச்சு போதும். பள்ளத்தில் தேங்கினால் பால்நிறத்தில் உறைந்து நிற்கும் என்பதால் உலர்ந்த தூரிகை நுனியால் உடனே ஒற்றி எடுக்க வேண்டும்.

பின்பக்க மூலைகளில் ரப்பர் பொட்டுகள் ஒட்டினால் கதவில் மோதாது, ஈரமும் தேங்காது. பள்ளத்தூசிக்கு உலர்ந்த மென்தூரிகைதான் சரி, ஈரத்துணி அழுக்கை உள்ளே அழுத்தும். வெளியே மாட்டுவதற்கு ஆண்டுக்கொரு வார்னிஷ் பூச்சு தேவை. மங்கிய பரப்பைக் கழுவித் துடைத்து, லேசாகச் சொரசொரப்பாக்கிப் பூசவும். அப்போதே பெயர்ந்த முனைகளையும் பேஸ்ட் வைத்து, காயவிட்டு, வண்ணம் தொட்டுச் சரிசெய்துவிடலாம்.