மூன்று வருடமாக ஓடும் ஆர்டிஎக்ஸ் 3060: மன்னார்குடி வெயிலில் ஓவர்கிளாக் அனுபவம்

2022 தீபாவளிக்கு வாங்கிய கிராபிக்ஸ் கார்டு. அந்த செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டுகளை வைத்துச் செய்த ஈத்தரியம் கிரிப்டோ மைனிங் நின்றதால் விலை இறங்கியிருந்த நேரம். இரண்டு ஃபேன், 12 ஜிபி மெமரி, ஒரே ஒரு எட்டுப் பின் கனெக்டர், 170 வாட். மன்னார்குடிக்குப் பக்கத்தில் கிராமத்து வீடு, ஏசி இல்லாத மாடி அறை. பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரி கேம். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் கணக்கு எழுதி வருகிறேன்.

வாங்கியபடியே ஓட்டியதில், கார்டின் வேகத்தை அளக்கும் டைம் ஸ்பை பெஞ்ச்மார்க்கில் கிராபிக்ஸ் ஸ்கோர் 8,652. கார்த்திகை அடைமழையில் அறை 26 டிகிரிக்கு வந்ததும் கார்டை வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்ட (அதுதான் ஓவர்கிளாக்) ஆப்டர்பர்னர் சாஃப்ட்வேரைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். கோர் கிளாக்கை, அதாவது சிப் ஓடும் வேகத்தை, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி +140 மெகாஹெர்ட்ஸ் வரை போனேன். +155-ல் கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் விழுந்தது. மெமரி +900. அதற்கு மேல் போனால் திரையில் பச்சைப் புள்ளிகள் மின்னின. ஸ்கோர் 9,214. சுமார் ஆறரை சதவீதம் கூடுதல். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் கேமில் நொடிக்கு 62 ஃபிரேம் 65 ஆனது, அவ்வளவுதான்.

டைம் ஸ்பையின் ஸ்ட்ரெஸ் டெஸ்டும் ஓட்டினேன். 20 சுற்று ஓடி, ஃபிரேம் சீராக இருப்பது 97 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் பாஸ். 99-க்கு மேல் வந்தது. சரி, செட்டிங் நிலைத்துவிட்டது என்று நம்பினேன். தை மாதம் ஒரு முகூர்த்த வீடியோவுக்கு டைட்டில் வைத்துக்கொண்டிருந்தபோது, பாரமே இல்லாத வேலையில், திரை கருத்துப்போனது. இரண்டு மணி நேர வேலை போச்சு.

காரணம் புரிய ஒரு வாரம் ஆனது. +140 என்று வைத்தால் வோல்டேஜ் கர்வ் (எந்த வோல்டேஜில் எவ்வளவு கிளாக் என்று காட்டும் கோடு) மொத்தமும் மேலே நகர்கிறது. பெஞ்ச்மார்க்கில் கார்டு 170 வாட் எல்லையில் முட்டி நிற்பதால் கர்வின் உச்சிப் படிகளுக்கு ஏறுவதே இல்லை. லேசான வேலையில் வாட் மிச்சம் இருக்கிறது, அங்கேதான் ஏறுகிறது, ஏறிய இடத்தில் விழுகிறது. பெஞ்ச்மார்க் பாஸ் ஆனால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

அப்புறம் அக்னி நட்சத்திரம். அறை 37 டிகிரி, கார்டு 79. சூடு ஏற ஏற கார்டு தானாகவே கிளாக்கைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். அதே செட்டிங்கில் 9,020 தான் வந்தது. அப்பா மாடிக்கு வந்தவர், "ஏம்ப்பா, களத்துல நிக்கிற மாதிரில்ல அனலடிக்குது" என்று உடனே இறங்கிப் போய்விட்டார்.

அன்றைக்கே வழியை மாற்றினேன். ஆப்டர்பர்னரில் கன்ட்ரோலையும் எஃப்-ஐயும் சேர்த்து அழுத்தினால் கர்வ் திறக்கும். 900 மில்லிவோல்டில் 1,860 மெகாஹெர்ட்ஸ் வைத்து, அதற்கு மேல் கோட்டைச் சமமாக்கிவிட்டேன். மெமரி +600 போதும். ஸ்கோர் 8,870, சூடு 71, மின்சாரம் 140 வாட் அளவில். வாங்கியபோது இருந்ததைவிட வேகமும் கூடுதல், செலவும் 30 வாட் குறைவு. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாத பில்லில் ஒன்பது யூனிட். அதற்குப் பிறகு ஒருமுறைகூட திரை கருக்கவில்லை.

டெல்டாவில் கார்டு வைத்திருப்பவர்கள் வெயிலைவிடப் பயப்பட வேண்டியது அறுவடைக்கு. மாசியில் வீட்டுக்குப் பின்னால் சம்பா அறுவடை மிஷின் இறங்கினால் நான்கு நாளைக்கு காற்றெல்லாம் சுணை. இரண்டாவது வருடம் ஹாட்ஸ்பாட்டுக்கும் (சிப்பில் அதிகம் சுடும் இடம்) கோருக்கும் இடையே 12 டிகிரியாக இருந்த வித்தியாசம் 21 ஆனது. கழற்றிப் பார்த்தால், ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே பொன்னிறமாக நெல் சுணை, மேலே அழுக்கு படிந்து கம்பளி போல் ஒட்டியிருந்தது. ஈரக்காற்றில் ஊறியதால் ஊதினால் போகவில்லை. பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு தகடாகத் தள்ளி எடுத்தேன், முழங்கை வரை அரிப்பு. சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் பேஸ்டும் ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் காய்ந்திருந்தது. புதுப் பேஸ்ட் வைத்ததும் வித்தியாசம் 11-க்கு இறங்கியது. இப்போது மிஷின் வரும் நாளில் ஜன்னலைச் சாத்தி, கேபினெட் முன்பக்கம் பழைய நைலான் வலையைக் கட்டிவிடுகிறேன்.

வீட்டுக்கு வரும் கரன்ட்டின் வோல்டேஜைப் பற்றியும் கேட்பார்கள். பம்புசெட் ஓடும்போது இங்கே 175 வரை இறங்கும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் பவர் சப்ளையாகப் பார்த்து வாங்கினேன், அதனால் கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த ஐப்பசியில், மழை பிடித்த ராத்திரி, அதே செட்டிங்கில் மறுபடி ஓட்டினேன். 8,891. நோட்டில் எழுதி, பக்கத்திலேயே அறை 27 டிகிரி என்று குறித்துவைத்தேன்.