துவைகல்லா, வெள்ளாவியா?

தண்டையார்பேட்டை வீட்டை இடித்துக் கட்டியபோது மொட்டை மாடியில் துவைகல் வைக்கச் சொன்னோம். மெஷின் இருக்கும்போது கல் எதற்கு என்று மேஸ்திரி சிரித்தார். ஆக, நான் கல் கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மெஷினுக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் இரண்டே வழி. அன்றாடத் துணி வீட்டுக் கல்லில். வேட்டி, படுக்கை விரிப்பு எல்லாம் மூட்டையாகச் சலவைக்காரரிடம், வெள்ளாவிக்கு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த வண்ணாரப்பேட்டை பக்கத்திலேயே இருந்ததால் ஆளுக்குப் பஞ்சமில்லை. செலவு, நேரம் பற்றி எழுத ஒன்றுமில்லை: கல்லில் போட்டால் மாலைக்குள் துணி கையில், வெளியே போட்டால் காத்திருக்க வேண்டும்.

விஷயமே தண்ணீரில்தான். இங்கே அடிபம்பில் வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதில் பார் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியாகத் திரளும். அந்தத் திரி நூலில் ஒட்டிக்கொண்டு வெள்ளையைப் பழுப்பாக்கும். அந்தப் பழுப்பை மறைக்கத்தான் கடைசி அலசலில் நீலம் போட்டார்கள். நீலம் கூடிப்போனால் வேட்டியில் திட்டுத் திட்டாக நிற்கும், அது வேறு தலைவலி.

சலவைக்காரர்கள் இதை உவர்மண்ணை வைத்துச் சமாளித்தார்கள். அதிலிருக்கும் காரம் தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும், எண்ணெய்ப் பிசுக்கையும் இளக்கும். மண்ணைக் கரைத்த தண்ணீரில் துணியை முக்கிப் பிழிந்து, வெள்ளாவியில் அடுக்கி ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைத்து, பிறகு அடித்து அலசி வெயிலில் போடுவார்கள். வெள்ளைத் துணிக்கு வெள்ளாவியை மிஞ்ச முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் வெள்ளாவி போட்டவனில்லை. அம்மா சொல்லிக் கேட்டதும் வீட்டுக்கு வந்த துணியைப் பார்த்ததும்தான். ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் போட்ட கறுப்புக் குறி, வேட்டி கிழிந்த பிறகும் போகாது.

அப்படியானால் கல் ஏன்? 1959-இல் சர்ஃப், பத்து வருஷம் கழித்து நிர்மா என்று பவுடர்கள் வந்தபின் அந்தத் திரிப் பிரச்சினை போய்விட்டது. நாங்கள் செய்வது இது: உப்புத் தண்ணீரில் பவுடரோடு கொஞ்சம் சலவை சோடா போட்டு ஊறவைப்போம். கல்லில் அடித்து முதல் இரண்டு அலசலையும் உப்புத் தண்ணீரிலேயே முடிப்போம். கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர். லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும் தெருவில் இந்தச் சிக்கனம் சின்ன விஷயமில்லை. மெஷினில் எந்த அலசலுக்கு எந்தத் தண்ணீர் என்று பிரித்து விடுவது லேசில் நடக்காது.

கல்லுக்குப் பலியாவது பட்டன்தான். சட்டையை உள்பக்கம் புரட்டி, பட்டன் பட்டியை நடுவில் சுருட்டி வைத்து அடித்தால் பாதி தப்பும். காலரை அடிக்கவே வேண்டாம், பிரஷ் போதும். டெரிகாட்டனுக்கும் அடி தேவையில்லை. சாயம் போகும் புதுக் கைத்தறியைக் கல்லிலும் போடாதீர்கள், வெள்ளாவிக்கும் கொடுக்காதீர்கள். தனி வாளியில் கசக்கி நிழலில் காயப்போடுங்கள்.