இரவுப் பூச்சா, நல்லுறக்கமா: தோலின் இளமைக்கு எது முதலில்?

சுருக்கங்களைக் குறைப்பதில், வைட்டமின் ஏ வழிவந்த டிரெட்டினாயின் பூச்சுக்கு இருக்கும் அளவு உறுதியான சான்று உறக்கத்துக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெயிலால் முதிர்ந்த தோலில் இந்தப் பூச்சின் பலனை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் 1986இல் வெளியிட்டனர். தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனின் சிதைவைக் குறைத்து, புதிய கொலாஜன் உருவாவதை அது தூண்டுகிறது. பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். தொடக்கத்தில் எரிச்சலும் தோலுரிதலும் வரலாம். கருவுற்றவர்கள் தவிர்க்க வேண்டும். (பகலில் சன்ஸ்கிரீன் பூசாவிட்டால் இந்த உழைப்பில் பெரும்பகுதி வீணாகும்.)

உறக்கத்தின் பணி வேறு. ஆழ்ந்த உறக்கத்தில்தான், உடல் திசுக்களைச் சீராக்க உதவும் வளர்ச்சி ஹார்மோன் மிகுதியாகச் சுரக்கிறது. உறக்கம் கெட்டால் கண்ணிமை வீங்கி, முகம் வெளிறிக் களைத்துத் தெரிவதை எந்தப் பூச்சும் சரிசெய்யாது. ஆகவே, மூன்று மாதங்களாகத் தூக்கமின்மையால் வாடுபவர், பூச்சைத் தேடுமுன், 2016இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு மாத்திரைகளுக்கு முன்னதாகப் பரிந்துரைத்த அறிதல் நடத்தைச் சிகிச்சையை (தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் முறை)த் தொடங்குவதே சரி என்பேன்.