பங்குனி ஆமையின் முதுகில் பத்து மாதம்: ஒரு செயற்கைக்கோள் டேக்கின் கதை

“நீங்கள் ஆமைக்குப் பொருத்திய அதே டேக்கை நாங்களும் வாங்கலாமா?” என்று, ஆமை இருக்குமிடத்தைச் செயற்கைக்கோள் வழியாகத் தெரிவிக்கும் கருவியைப் பற்றித் தூத்துக்குடியில் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் கடந்த வாரம் கேட்டார். ஒரு வரியில் பதில் அனுப்ப முடியாமல் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், கடலில் கிடைத்ததன் மேலெல்லாம் ஒட்டி வளரும், விரல்நகம் அளவேயான ஒரு கொட்டலசு.

2024 மார்ச்சில், கோடியக்கரையில் முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பங்குனி ஆமையை, உரிய அனுமதியுடன் மரச்சட்டத்துக்குள் நிறுத்தி, ஓட்டைத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, எபாக்சி கொண்டு டேக்கை ஒட்டினோம். பசை இறுகும்வரை ஆமை எங்கள் மேல் மணலை வாரி இறைத்தபடியே இருந்தது. டேக்கின் விலை, சுங்கவரி, செயற்கைக்கோள் கட்டணம் எல்லாம் சேர்ந்து இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது.

முதல் ஐந்து மாதங்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. செயற்கைக்கோள் ஒருமுறை வானைக் கடப்பதற்குள் நான்கு செய்திகளாவது அதை எட்டினால்தான், ஆர்கோஸ் என்ற செயற்கைக்கோள் இடமறியும் முறையில் பிழை அளவோடு கூடிய இடக்குறிப்பு கிடைக்கும்; மூச்செடுத்தவுடன் மூழ்கிவிடும் ஆமையிடம் அதை எதிர்பார்ப்பது கடினம் என்பதால், எனக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை, செல்லுபடியாகும் தரங்களில் கடைசியான ‘பி’ வகையே. துருவங்களைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் வானத்தைக் குறைவான முறையே கடக்கின்றன என்பதும் ஒரு காரணம். ஆர்கோஸை இயக்குபவர்கள் 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை ஐந்து தவணைகளில் 25 சிறு செயற்கைக்கோள்களை ஏவி அந்த இடைவெளியைக் குறைத்தார்கள். அவை முழுதாகச் சேர்வதற்குள் என் டேக் வாயை மூடிக்கொண்டது. இருந்தும், இலங்கையின் கிழக்குக் கரையோரமாக அந்த ஆமை தெற்கே இறங்கியதையும், ஜூனில் ஒரு நாள் நூறு மீட்டருக்கும் கீழே மூழ்கியதையும் மேசையில் அமர்ந்தபடி பார்த்த காலையில், தேநீர் ஆறிப்போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஆகஸ்டில் செய்தி நின்றது. ஆமை இறந்திருந்தாலும், ஆண்டெனா முறிந்திருந்தாலும், பேட்டரி தீர்ந்திருந்தாலும் திரையில் தெரிவது ஒரே வெறுமைதான். ஐந்து மாதம் தினமும் காலையில் அந்த வெறுமையைத் திறந்து பார்த்து மூடினேன்.

2025 ஜனவரியில், சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் ஆயிரத்துக்கும் மேல் இறந்து ஒதுங்கிய நாட்களில், கோவளம் பக்கமிருந்து ஒரு மீனவர் அழைத்தார்: “சார், ஆமை முதுகுல உங்க பெட்டி இருக்கு. நம்பர் போட்டிருக்கு.” போய்ப் பார்த்தேன். ஆமை இறந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. அப்படியென்றால், நான் வெறுமையைப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களிலெல்லாம் அது உயிரோடு நீந்திக்கொண்டிருந்திருக்கிறது.

ஆண்டெனா நேராக நின்றது. பசை அசையவில்லை, உளி வைத்துத்தான் பெயர்த்தோம். பச்சைப் பாசிக்கு நடுவே, ஈரத்தை உணரும் இரண்டு உலோக முனைகளையும் சேர்த்து மூடியபடி வெள்ளைக் கூம்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது. “கொட்டலசு சார். படகுக்கு அடியில ஏறினா படகு டீசலை அதிகமாக் குடிக்கும்,” என்றார் அவர்.

ரேடியோ அலை கடல்நீரில் செல்லாது என்பதால், அந்த முனைகளுக்கு நடுவே உப்புநீர் மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் டேக் பேசாமலிருக்கும். ஆமை மேலே வந்து முனைகள் உலர்ந்த கணத்தில்தான் செய்தி அனுப்பும். பாசியும் கொட்டலசும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், ஆமை வெயிலில் மிதந்தாலும் டேக் தன்னை நீருக்கடியில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். இதைத் தடுக்கச் செப்புக் கலந்த பூச்சு உண்டு, நாங்களும் பூசினோம். ஆனால் செம்பு மின்சாரத்தைக் கடத்துமாதலால், முனைகள் மேல் மட்டும் படாமல் பூச வேண்டுமென்று கையேடு எச்சரிக்கிறது. கோட்டைக்குச் சுற்றுமதில் எழுப்பிவிட்டு வாசலைத் திறந்து வைத்த கதைதான். நிறுவனத்துக்கு எழுதினேன், உயிரினங்கள் ஒட்டுவது சூழலால் நேர்வது, உத்தரவாதத்தில் அடங்காது என்று மிகப் பணிவாகப் பதில் வந்தது.

கோபத்தில் நியாயத்தை விட்டுவிடக் கூடாது. 2021-இல் ஒடிசாவில் துடுப்பில் உலோகத் தகடு பொருத்தப்பட்ட ஒரு பங்குனி ஆமை, 2025-இல் மகாராஷ்டிரத்தின் குஹாகரில் முட்டையிட வந்தது. இடையிலிருந்த நான்கு ஆண்டுகளைப் பற்றி அந்தத் தகட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. அதே குஹாகரில் 2023-இல் செயற்கைக்கோள் டேக் பொருத்தப்பட்ட பாகேஸ்ரீ என்ற ஆமை, இலங்கையைச் சுற்றி வங்கக்கடலுக்குள் வந்ததை வழிநெடுகப் பின்தொடர முடிந்தது. இந்த வேலையைச் செய்ய இதைவிட நல்ல கருவியை நான் பயன்படுத்தியதில்லை.

ஆனாலும் நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். பேட்டரி தீர்ந்திருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அன்று கோவளத்திலிருந்து ஊருக்குத் திரும்பியதும், பழைய பல்துலக்கியும் வினிகரும் கொண்டு முனைகளைத் தேய்த்துக் காயவைத்து, காந்தத்தால் டேக்கை இயக்கி, அலுவலக மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்தேன். மாலைக்குள் வரைபடத்தில் ஒரு புள்ளி விழுந்தது: தரம் 3, பிழை 250 மீட்டருக்குள். பத்து மாதத்தில் அந்த டேக் அனுப்பிய ஆகச் சிறந்த இடக்குறிப்பு, எங்கள் தண்ணீர்த் தொட்டியினுடையது.