பத்து பேண்ட் கிராபிக் ஈக்வலைசர் கிட்: வடிவமைப்பு சிறப்பு, உதிரிபாகங்களில் கவனம் தேவை

வீட்டு ஆடியோவுக்கான பத்து பேண்ட் ஸ்டீரியோ கிராபிக் ஈக்வலைசர் கிட் ஒன்றைப் பொருத்தி, ப்ரீஆம்ப்ளிஃபையருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையருக்கும் இடையில் இணைத்துப் பயன்படுத்தி வருகிறேன். ஒலியை அதிர்வெண் வாரியாகப் பத்துப் பகுதிகளாக (பேண்ட்) எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதற்குரிய ஸ்லைடரை நகர்த்தி ஏற்றவோ இறக்கவோ உதவும் கருவி இது. இதன் சர்க்யூட் நல்ல சர்க்யூட். உடன் வரும் உதிரிபாகங்கள்தாம் அதற்கு ஈடாக இல்லை.

31 ஹெர்ட்ஸில் தொடங்கி, ஒவ்வொரு பேண்டும் முந்தையதைப் போல் ஏறத்தாழ இருமடங்காக 16 கிலோஹெர்ட்ஸ் வரை செல்கிறது. ஒவ்வொன்றையும் 12 டெசிபல் வரை ஏற்றலாம், இறக்கலாம். 31 ஹெர்ட்ஸ் பேண்டை 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் காயிலும் (கம்பிச்சுருள்) கொண்டு அமைப்பதென்றால், அந்தக் காயிலின் மதிப்பு (இண்டக்டன்ஸ்) ஏறத்தாழ 26 ஹென்றி இருக்க வேண்டும்; அவ்வளவு பெரிய காயில் கனமானது என்பதோடு, அருகிலுள்ள ட்ரான்ஸ்பார்மரின் காந்தப்புலத்தையும் வாங்கி உறுமத் தொடங்கும். அதனால் ஆப்ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி), ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஆகியவற்றைச் சேர்த்துக் காயிலைப் போலவே இயங்கும் ஜைரேட்டர் சர்க்யூட்டை இதில் அமைத்திருக்கிறார்கள். ஆப்ஆம்பாக இதில் உள்ள டிஎல்072 ஐசிக்கள் இந்த வேலைக்குப் பொருத்தமானவை.

குறை கெப்பாசிட்டர்களில் இருக்கிறது. பேண்டின் மைய அதிர்வெண்ணை நிர்ணயிக்கும் இடத்தில் சாதாரண செராமிக் வகையைக் கொடுத்திருப்பதை ஏற்க முடியவில்லை, ஏனெனில் அவ்வகையின் மதிப்பு வெப்பத்துக்கும் மின்னழுத்தத்துக்கும் ஏற்ப மாறக்கூடியது. இடது, வலது சேனல்களில் ஒரே பேண்ட் வெவ்வேறு அதிர்வெண்ணில் அமைந்துவிட்டால், நடுவில் கேட்க வேண்டிய குரல் ஒரு பக்கமாக நகர்ந்து கேட்கும். மதிப்பு 5 சதவீதத்துக்கு மேல் விலகாத பாலியெஸ்டர் கெப்பாசிட்டர்களை வாங்கி, அளந்து, மதிப்பு ஒத்தவற்றை ஜோடி சேர்த்து, சேனலுக்கு ஒன்றாகப் பொருத்துவதே சரி. செலவு சற்றுக் கூடினாலும், இதைத் தவிர்க்க வேண்டாம்.

பொருத்தும் வேலையில் ஸ்லைடர்களே பொறுமையைக் கேட்பவை. முன்பலகையில் எல்லாவற்றையும் நேராக நிறுத்திவிட்டுப் பிறகு சால்டர் செய்தால், அவை பலகையின் பிளவுகளில் உரசாமல் நகரும். ஒரே முனையில் சூட்டை நெடுநேரம் வைத்தால் உள்ளிருக்கும் கார்பன் தடம் கெடும். ஐசிக்களைச் சாக்கெட்டில் செருகுவதற்கு முன் +15, -15 வோல்ட் இரண்டும் சரியாக வருகின்றனவா என்று அளந்துகொள்ளுங்கள்.

பயன்பாட்டுக்கு வந்தால், ஸ்லைடர்களை ஏற்றுவதைவிட இறக்குவதிலேயே இக்கருவி தன் திறனைக் காட்டுகிறது. 12 டெசிபல் ஏற்றினால் அந்த அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபையர் ஏறத்தாழ 16 மடங்கு பவர் தர வேண்டியிருக்கும்; சிறிய ஸ்பீக்கர்கள் அதைத் தாங்குவதில்லை. 3 மீட்டர் நீள அறையில் 57 ஹெர்ட்ஸ் அருகே ஒலி தேங்கிக் குமுறும். 62 ஹெர்ட்ஸ் ஸ்லைடரைச் சில டெசிபல் இறக்கியதும் பேஸ் தெளிந்து, மிருதங்கத்தின் இடந்தலை ஒலியும் கிதாரின் தாழ்ந்த சுரங்களும் பிரிந்து கேட்பது உண்மையில் மகிழ்ச்சி தருகிறது. ஆனால் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் எவ்வளவு ஏற்றினாலும் பயன் பெரிதாக இராது; அங்கே ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துவதே வழி.

கிட்டில் பைபாஸ் சுவிட்ச் இல்லாதது பெரிய குறைதான் என்றாலும், இன்புட்டையும் அவுட்புட்டையும் நேராக இணைக்கும் சுவிட்ச் ஒன்றை நாமே சேர்த்துவிடலாம். ஒப்பிடும்போது இரு நிலைகளிலும் ஒலியளவைச் சமமாக வைத்துக் கேட்க வேண்டும். சற்று உரக்கக் கேட்பதைக் காது எப்போதும் சிறந்ததென்றே எடுத்துக்கொள்ளும்.