செக்டு எக்ஸெப்ஷன்: அறிவிப்பதா, சுற்றி வீசுவதா?

பெங்களூரு வொயிட்ஃபீல்டில் எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் தவறாமல் கேட்பது இது: ஜாவா நிரலில், கோப்பைப் படிப்பது போன்ற வேலைகளில் எழும் பிழையான ஐஓஎக்ஸெப்ஷனை (கையாளும்படி நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் கட்டாயப்படுத்தும் ‘செக்டு’ வகை) மெத்தடின் தலைப்பிலேயே த்ரோஸ் என்று அறிவிப்பதா, அந்தக் கட்டாயம் இல்லாத ‘அன்செக்டு’ வகையான ரன்டைம் எக்ஸெப்ஷனுக்குள் சுற்றி வீசுவதா?

எளிமை: அறிவித்தால், அழைக்கும் மெத்தட் ஒவ்வொன்றும் அதைப் பிடிக்கவோ மீண்டும் அறிவிக்கவோ வேண்டும், சுற்றினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். 2014-இல் வந்த ஜாவா 8-இல், தரவுகளை ஒவ்வொன்றாக மாற்றும் ஸ்ட்ரீமின் மேப்புக்குக் கொடுக்கும் லாம்டா (பெயரில்லாச் சிறு செயல்கூறு) செக்டு எக்ஸெப்ஷனை வெளியே வீச முடியாது என்பதால், அங்கே சுற்றுவதே வழக்கமாயிற்று.

பாதுகாப்பு: அறிவித்தால் கம்பைலர் நினைவூட்டும், சுற்றினால் நினைவு நம் பொறுப்பு.

டிரான்ஸாக்ஷன் (முழுதாக நடக்க வேண்டிய, இல்லையேல் முழுதாக ரத்தாக வேண்டிய தரவுத்தள வேலை): ஜாவா சேவைகள் எழுத உதவும் ஸ்பிரிங்கின் இயல்பு அமைப்பில் செக்டு எக்ஸெப்ஷனுக்கு ரோல்பேக் (செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுதல்) நடக்காது, அன்செக்டுக்கு நடக்கும். பணக்கணக்கு எழுதுவோர் இதை மறக்கவே கூடாது.

தடம்: சுற்றும்போது மூல எக்ஸெப்ஷனையே, புதிய எக்ஸெப்ஷனை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுக்க வேண்டும். ஒருமுறை அதன் செய்தி வரியை எடுக்கும் கெட்மெசேஜை மட்டும் கொடுத்திருந்ததால், லாகில் (பதிவேட்டில்) ‘நல்’ (மதிப்பு ஏதுமில்லை) என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்தபடி நள்ளிரவுவரை காரணத்தைத் தேடினோம்.

அழைப்பவர் வேறு கோப்பைத் திறந்தோ மீண்டும் முயன்றோ மீளக்கூடிய நூலகங்களில் அறிவிப்பதே சரி. பிழைகளை ஒரே இடத்தில் பிடித்துப் பதிலளிக்கும் வலைச் சேவைகளில் சுற்றுவதையே நான் பரிந்துரைக்கிறேன்.